அளக்கப்பட்டவர்கள் மாணவர்களாக வந்தபோது

ஃபுளோரிடா மாநிலத்தில் லாஃப்மன் என்றொரு சின்ன ஊர். 1928-இல் அங்கே சைப்ரஸ் மரங்களை வெட்டி அறுக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் லைன் வீடுகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் குடியிருந்தார்கள். அந்தக் குடியிருப்புக்கு ஒருநாள் பளபளக்கும் சாம்பல் நிற செவர்லே காரில் ஒரு பெண் தனியாக வந்து இறங்கினார். அவரும் கறுப்பினப் பெண்தான், அதே மாநிலத்தில் வளர்ந்தவர்தான். ஆனாலும் ஆட்கள் கிட்டே வரவில்லை. கள்ளச்சாராயம் பிடிக்க வந்த அதிகாரியோ, துப்பறியும் ஆளோ என்று ஒதுங்கினார்கள். கார் ஒரு காரணம். உடை இன்னொரு காரணம். சுற்றியிருந்த பெண்கள் தபாலில் வரவழைத்த 1 டாலர் 98 சென்ட் உடையில் இருந்தார்கள். இவர் அணிந்திருந்தது நியூயார்க்கின் மேசீஸ் கடையில் 12 டாலர் 74 சென்ட் கொடுத்து வாங்கியது.

கடைசியில் அந்தப் பெண் ஒரு கதை கட்டினார். தானே சாராயம் கடத்துகிறவள் என்றும், போலீஸுக்குப் பயந்து ஓடிவந்து ஒளிந்திருப்பதாகவும் சொன்னார். அதன் பிறகுதான் கதவுகள் திறந்தன. கதைகள் வந்தன, பாட்டுகள் வந்தன, பொய் சொல்லும் போட்டிகளும் வந்தன. அவற்றையெல்லாம் திரட்டி 1935-இல் அவர் ‘மியூல்ஸ் அண்ட் மென்’ என்ற நூலாக வெளியிட்டார். அவர் பெயர் ஜோரா நீல் ஹர்ஸ்டன். அவரைக் களத்துக்கு அனுப்பியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் பேராசிரியர் ஃபிரான்ஸ் போவாஸ்.

பல்கலைக்கழகத்தில் மானுடவியல் மேற்படிப்பு என்றால் நம்மில் பலருக்குத் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் காட்டுக்குள் போய்ப் பழங்குடிகளைப் பற்றிக் குறிப்பெடுப்பதுதான் கண்ணில் தோன்றும். அந்தச் சித்திரத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் இந்தக் கட்டுரை பேச வருகிறது. யாரைப் பற்றிக் குறிப்பெடுத்தார்களோ, யாருடைய தலையை அளந்தார்களோ, அவர்களிலிருந்தே சிலர் அந்த வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். அந்தத் துறையில் இன்று மதிப்போடு நிற்கிற பலவும் அவர்கள் கொண்டுவந்தவை. ஆனால் பட்டமும் பணமும் நேரமும் அவர்களுக்குக் கிடைத்த விதம் வேறு மாதிரி.

கொலம்பியாவிலிருந்து தொடங்கலாம். போவாஸ் ஜெர்மனியில் பிறந்த யூதர். தண்ணீரின் நிறத்தை ஆராய்ந்து 1881-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். இரண்டே ஆண்டில் பாஃபின் தீவுக்குப் போய் இனூயிட் மக்களோடு ஓராண்டு வாழ்ந்ததில் ஆளே மாறிவிட்டார். 1896-இல் கொலம்பியாவில் பாடம் நடத்தத் தொடங்கினார். 1901-இல் அங்கே மானுடவியலில் முதல் முனைவர் பட்டம் பெற்றவர் ஆல்ஃபிரட் குரோபர். அரபாஹோ மக்களின் அலங்காரக் குறியீடுகளைப் பற்றிய அவருடைய ஆய்வேடு வெறும் 28 பக்கம்! இன்று 300 பக்கம் எழுதிவிட்டும் நெறியாளர் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் மாணவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள்.

போவாஸின் பெரிய சாதனை, அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டே அளவுகோலின் அதிகாரத்தை உடைத்தது. இனத்துக்கு ஒரு மண்டையோட்டு வடிவம் உண்டு, அது மாறாது என்று அறிவியல் நம்பிய காலம் அது. அமெரிக்க அரசின் குடியேற்ற ஆணையத்துக்காக அவர் ஏறத்தாழ 18,000 பேரை அளந்தார். குடியேறிகளுக்கு அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தைகளின் தலை வடிவம் பெற்றோரிடமிருந்து வேறுபடுவதைக் காட்டினார். ஒரு தலைமுறையிலேயே மாறுவதை எப்படி மாறாத இன அடையாளம் என்று சொல்வது? இனவாதிகளால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

அதே மனிதரின் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. இளமையில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கல்லறைகளில் எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்தவர் அவர். 1897-இல் துருவப் பயணி ராபர்ட் பியரி கிரீன்லாந்திலிருந்து ஆறு இனூயிட் மக்களை நியூயார்க்குக்குக் கூட்டிவந்தபோது, அவர்களைத் தங்கவைத்த அருங்காட்சியகத்தில் போவாஸ் பணியில் இருந்தார். ஆறு பேரில் நான்கு பேர் சீக்கிரமே நோயில் செத்துப்போனார்கள். மினிக் என்ற சிறுவனின் அப்பாவும் அவர்களில் ஒருவர். பையன் முன்னால் ஒரு போலிச் சடங்கு நடத்திப் புதைத்ததுபோல் காட்டிவிட்டு, உடலை எலும்புக்கூடாக்கி அருங்காட்சியகத்தில் வைத்துக்கொண்டார்கள். அந்த நால்வரின் எலும்புகள் கிரீன்லாந்துக்குத் திரும்பியது 1993-இல்தான். கொலம்பியாவின் மானுடவியல் வகுப்பறை இப்படிப்பட்ட அடித்தளத்தின் மேல் நின்றது. அங்கே நுழைந்த கறுப்பின, பூர்வகுடி, இந்திய மாணவர்களின் துணிச்சலை இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அவர்களில் முன்னவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். 1913 ஜூலையில், 22 வயதில், பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் நியூயார்க் வந்து சேர்ந்தார். பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெயிக்வாட் கொடுத்த உதவித்தொகையில் வந்த படிப்பு. முதன்மைப் பாடம் பொருளாதாரம். ஆனால் மூன்று ஆண்டுகளில் அவர் புகுந்து பார்க்காத வகுப்பறை குறைவு. வரலாறு, சமூகவியல், தத்துவம், மானுடவியல் என்று அள்ளிக்கொண்டார். 1916 மே 9 அன்று, போவாஸின் மாணவரான அலெக்சாண்டர் கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதிகள், அவற்றின் இயக்கம், தோற்றம், வளர்ச்சி என்பது பொருள்.

அந்தக் கட்டுரையை இன்று எடுத்துப் படித்தாலும் அதன் தர்க்கம் அசரவைக்கிறது. சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அவர் தொடங்குகிறார். ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் முடிப்பது என்று கதவை அடைத்துக்கொண்டால், மணவயதில் உள்ள ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருந்தாக வேண்டும். புருஷன் செத்தால் ஒரு பெண் மிச்சம். மனைவி செத்தால் ஓர் ஆண் மிச்சம். மிச்சப்பட்டவர்கள் வேலி தாண்டிப் போனால் சாதி உடையும். அதனால் மிச்சப்பட்ட பெண்ணைச் சிதையில் ஏற்று, அல்லது விதவையாக ஒடுக்கி வை. ஆண் கூட்டத்துக்கு வேண்டியவன், அவனை எரிக்க முடியாது. ஆகவே இன்னும் மணவயது வராத சிறுமியை அவனுக்குக் கட்டிவை. சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் என்ற மூன்றும் அகமணம் என்ற ஒரே எந்திரத்தின் பாகங்கள் என்று 25 வயது இளைஞர் அந்த மேசையில் நிறுவினார். அவற்றைப் போற்றிப் பாடும் தத்துவமெல்லாம் பின்னால் வந்த பூச்சு என்றார். பிராமணர்கள் முதலில் கதவை அடைத்தார்கள், மற்றவர்கள் பார்த்துச் செய்தார்கள், அல்லது வெளியே நிறுத்தப்பட்டு வேறு வழியின்றி அடைபட்டார்கள் என்பது அடுத்த படி.

அப்போது சாதியைப் பற்றி அதிகாரத்தோடு பேசியவர்கள் செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி போன்றவர்கள். ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து சாதியின் உயரத்தைக் கணித்த பிரிட்டிஷ் அதிகாரி. அவர்களையெல்லாம் பெயர் சொல்லி மறுத்தார் அம்பேத்கர். மூக்கை அளந்தவர் கண்ணில் அகமணம் தெரிந்திருந்தாலும், அது ஒரு பெண்ணின் உடம்பில் என்ன செய்கிறது என்பது தெரியவில்லை. மகர் சாதியில் பிறந்து, பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட விடாமல் வளர்ந்தவருக்குச் சாதியை ஓர் எந்திரமாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. அனுபவம் மட்டும் அதற்குப் போதாது. அனுபவமும் நூலகமும் ஒரே ஆளிடம் வந்து சேர வேண்டும். அந்தச் சேர்க்கைக்கு மூன்றாண்டு உதவித்தொகை வேண்டியிருந்தது.

உதவித்தொகையின் நிபந்தனைப்படி 1917-இல் அவர் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கியவரைத் தடியோடு வந்த கும்பல் வெளியேற்றியது. கொலம்பியாவில் படித்தது அந்த வாசலில் எதற்கும் உதவவில்லை.

மறுபடி ஹர்ஸ்டனிடம் வருகிறேன். அவர் 1925-இல் கொலம்பியாவைச் சேர்ந்த பார்னார்ட் கல்லூரியில் சேர்ந்தபோது உண்மையான வயது 34. அதைப் பத்து ஆண்டு குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே படித்த ஒரே கறுப்பின மாணவி. போவாஸின் ஆய்வுக்காக நியூயார்க்கின் ஹார்லம் பகுதித் தெருக்களில் நின்று, போகிற வருகிறவர்களை நிறுத்தித் தலையை அளந்திருக்கிறார். வேறு யார் கேட்டிருந்தாலும் அடி விழுந்திருக்கும், ஹர்ஸ்டன் கேட்டால் சிரித்துக்கொண்டே தலையைக் காட்டினார்கள் என்று அவருடைய நண்பரும் கவிஞருமான லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதியிருக்கிறார்.

1927-இல் முதல் களப்பணி. போவாஸ் ஃபுளோரிடாவுக்கு அனுப்பிவைத்தார். ஹர்ஸ்டன் வெறுங்கையோடு திரும்பினார். கல்லூரி மிடுக்கோடு, உங்களிடம் நாட்டார் கதைகள் ஏதாவது உண்டா என்று போய்க் கேட்டால் யார் சொல்வார்கள்? சொந்த ஊர்க்காரர்களே இல்லை என்று தலையாட்டிவிட்டார்கள். அவரே தன் வாழ்க்கைக் கதையில் இதை எழுதியிருக்கிறார். சொந்த சனம் என்பதாலேயே எல்லாம் தானாக வந்து விழாது என்பதை அந்தத் தோல்வி கற்றுக்கொடுத்தது. அடுத்த ஆண்டு லாஃப்மனில் அவர் கேள்வியோடு போகவில்லை. பாட்டு பாடினார், கூட ஆடினார், கேலிக்குப் பதில் கேலி பேசினார்.

அந்த இரண்டாவது பயணத்துக்குப் பணம் கொடுத்தவர் சார்லட் மேசன் என்ற பணக்கார வெள்ளைக்காரச் சீமாட்டி. மாதம் 200 டாலர், ஒரு கேமரா, ஒரு கார். பதிலுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்து. சேகரிப்பதெல்லாம் மேசனுடைய சொத்து, அவர் அனுமதியின்றி எதையும் வெளியிடக் கூடாது. தன் ஊர் ஆட்கள் சொன்ன கதை ஹர்ஸ்டனுக்குச் சொந்தமில்லை. ஊர் ஆட்களுக்கும் சொந்தமில்லை.

1935 தொடக்கத்தில் அவர் கொலம்பியாவில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். ஒரு நிதியம் இரண்டாண்டு உதவித்தொகை தருவதாக முதலில் சொன்னது. பிறகு படிப்புத் திட்டம் திருப்தியாக இல்லை என்று ஏழு மாதமாகச் சுருக்கிவிட்டது. இரண்டாண்டுப் படிப்பை ஏழு மாதப் பணத்தில் எப்படி முடிப்பது? அவர் வகுப்புக்குப் போவதைக் குறைத்தார், பிறகு நின்றேபோனார். அவருக்கு நாடகம், நாவல் என்று வேறு ஆசைகளும் இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். 1936-இல் ஹெய்ட்டியில் களப்பணிக்குப் போன இடத்தில் எழுதி முடித்த நாவல்தான் இன்று உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது. ஆனால் ‘டாக்டர்’ ஹர்ஸ்டன் என்ற பெயர்ப்பலகை எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவிலும் ஏறவில்லை. 1960-இல் வறுமையில் இறந்தார். எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் தேடிப்போய் 1973-இல் கல் நாட்டும்வரை அவர் கல்லறையில் பெயர்கூட இல்லை. அடிமைக் கப்பலில் வந்து உயிரோடிருந்த முதியவர் கட்ஜோ லூயிஸை அவர் பேட்டி கண்டு எழுதிய நூல் அச்சேறியது 2018-இல்.

எல்லா டெலோரியா என்பவரின் கதை இதைவிட அமைதியானது. எனக்கு அது இதைவிடக் கனமாகவும் படுகிறது. 1889-இல் பிறந்த டகோட்டாப் பழங்குடிப் பெண். கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் படித்து 1915-இல் இளங்கலைப் பட்டம் வாங்கினார். அங்கே படிக்கும்போதே போவாஸ் அவரைக் கண்டுபிடித்து, தன் மாணவர்களுக்கு டகோட்டா மொழி கற்றுத்தர வைத்தார். பிறகு தொடர்பு விட்டுப்போய், 1927-இல் மறுபடி தேடிப்பிடித்தார். அன்று முதல் போவாஸ் இறந்த 1942 வரை இருவருக்கும் கடிதப் போக்குவரத்து ஓயவில்லை. 1932-இல் ‘டகோட்டா டெக்ஸ்ட்ஸ்’ வந்தது. 1941-இல் இருவர் பெயரிலும் டகோட்டா இலக்கணம் வந்தது.

அந்தக் கடிதங்களில் ஒன்று களப்பணி பற்றிய எந்தப் பாடநூலையும்விட மேலானது. முதியவர்களைப் பார்க்கப் போகும்போது இறைச்சியோ வேறு உணவோ கொண்டுபோக வேண்டும், வெறுங்கையோடு போன கணமே நான் டகோட்டாப் பெண் இல்லை, வெளியாள் என்று ஆகிவிடுவேன் என்று போவாஸுக்கு விளக்குகிறார் டெலோரியா. கணக்குப் புத்தகத்தில் எங்கே எழுதுவது அந்த இறைச்சிச் செலவை? ஒரு வெள்ளைக்கார மாணவர் தகவல் சொன்னவருக்கு மணிக் கணக்கில் கூலி கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம். இவர் உறவுமுறை சொல்லி உட்கார்ந்தாக வேண்டும், முதலில் அவர்கள் பேச நினைப்பதைக் கேட்டாக வேண்டும். மகள், மருமகள், அக்காள் என்ற இடத்திலிருந்து எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்ற வரம்பும் உண்டு. நம் ஊர்களில் களப்பணி செய்யும் எந்தப் பெண் ஆய்வாளருக்கும் இது சட்டென்று புரியும்.

முன்பு ஒரு மருத்துவர் திரட்டிய லக்கோட்டாப் புராணக் கதைகளைச் சரிபார்க்கச் சொன்னார் போவாஸ். டெலோரியா ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டினார். அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். அதை அப்படியே எழுதினார். போவாஸுக்கு அது பிடிக்கவில்லை, இன்னும் தேடிப்பார் என்றார். ஆனால் மக்கள் சொல்லாததைச் சொன்னதாக எழுத டெலோரியா சம்மதிக்கவில்லை.

வயதான அப்பா, நோயாளித் தங்கை இருவரையும் தாங்க வேண்டியிருந்ததால் நியூயார்க்கிலேயே தங்கி மேற்படிப்பு முடிக்க அவரால் முடியவில்லை. காரிலேயே படுத்துறங்கிய காலமும் உண்டு. ஊதியம் விட்டுவிட்டுத்தான் வந்தது. மேற்பட்டம் இல்லாததால் நிலையான கல்விப் பணி அமையவில்லை. அவர் எழுதிய டகோட்டா வாழ்க்கை பற்றிய பெரிய நூல் அவர் இருக்கும்வரை அச்சேறவில்லை. ‘வாட்டர்லில்லி’ நாவல் 1988-இல் வந்தபோது அவர் இறந்து 17 ஆண்டு ஆகியிருந்தது. போவாஸிடம் அன்பு இருந்தது, மரியாதை இருந்தது. ஆனால் கூட்டாளியாக நூலில் பெயர் போட்ட துறை அவரை ஆசிரியராக நாற்காலியில் உட்கார வைக்க வழி தேடவில்லை. இதை அந்தக் காலம் அப்படி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அதே காலத்தில் அதே துறை ரூத் பெனடிக்ட், மார்கரெட் மீட் என்ற இரு பெண்களை முனைவர்களாக்கியிருக்கிறது. அவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். பட்டத்துக்கும் நாற்காலிக்கும் தொடர்பு உண்டு என்று டெலோரியாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பட்டம் பெற்றவர் எழுத்துக்கு உள்ள பலத்துக்குக் குரோபரே சாட்சி. கலிஃபோர்னியப் பழங்குடிகளைப் பற்றி 1925-இல் வந்த அவருடைய பெருநூலில், ஓலோனி மக்கள் நடைமுறையில் அழிந்துவிட்டார்கள் என்று எழுதினார். அவர்கள் உயிரோடு இருந்தார்கள். பின்னாளில் அவரே அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் அரசு அங்கீகாரத்துக்காக ஓலோனி வழித்தோன்றல்கள் நடத்தும் போராட்டத்தில் அந்த வரி பெரிய முட்டுக்கட்டையாக நின்றது. 2021 ஜனவரியில் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் மானுடவியல் கட்டடத்திலிருந்து குரோபர் பெயரை நீக்கியது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் மானுடவியலாளர் மலினோவ்ஸ்கியின் கருத்தரங்கு 1930-களில் புகழ்பெற்றது. கென்யாவிலிருந்து வந்த ஜோமோ கென்யாட்டா, முதலில் கிக்கூயு மொழியின் ஒலிகளை ஆராய்ந்த மொழியியலாளர்களுக்குக் குரல் கொடுத்த தகவலாளி. பிறகு மலினோவ்ஸ்கியின் மாணவர். 1938-இல் ‘ஃபேசிங் மவுண்ட் கென்யா’ எழுதினார். தன் மக்களின் நிலவுரிமையை மானுடவியல் மொழியில் வாதாடிய நூல் அது. பெண்களின் பிறப்புறுப்புச் சிதைப்புச் சடங்கை அதே நூலில் ஆதரித்தும் எழுதினார். உள்ளிருந்து பேசுகிறவர் எல்லோருக்காகவும் பேசுவதில்லை என்பதற்கு அந்த அத்தியாயம் சான்று. 1964-இல் அவர் கென்யாவின் குடியரசுத் தலைவர்.

அதே கருத்தரங்கில் சீனர் ஒருவர், ஃபெய் சியாவ்தூங். 1935-இல் புதுமனைவியோடு குவாங்ஷி மலைகளில் யாவ் மக்களிடம் களப்பணிக்குப் போனார். புலிக்கு வைத்த பொறியில் ஃபெய் விழுந்து எலும்பு முறிந்தது. உதவி தேடி ஓடிய மனைவி வாங் தூங்ஹுய் திரும்பவில்லை. நீரோடையில் பிணமாகக் கிடந்தார். திருமணமாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. உடம்பு தேற அக்காள் பட்டுக் கூட்டுறவு ஆலை நடத்திக்கொண்டிருந்த காய்சியான்கோங் கிராமத்துக்குப் போனவர், அங்கே எடுத்த குறிப்புகளையே லண்டனில் ஆய்வேடாக்கினார். சொந்த மக்களைச் சொந்த ஆளே ஆராய்ந்தது மைல்கல் என்று மலினோவ்ஸ்கி முன்னுரையில் பாராட்டினார். ஆனால் 1982-இல்கூட எட்மண்ட் லீச் என்ற பெரிய மானுடவியலாளர், சொந்தச் சமூகத்தை ஆராய்வது சரிப்படாது என்று எழுதினார். தொலைவில் இருப்பவருக்குத்தான் தெளிவாகத் தெரியும் என்ற நம்பிக்கை அவ்வளவு எளிதில் போய்விடவில்லை.

இலங்கையில் அந்தத் தொலைவு யாரும் தேர்ந்தெடுத்ததாக இருக்கவில்லை. தமிழரான ஸ்டான்லி தம்பையா 1954-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று நாடு திரும்பினார். 1956-இல் கல்லோயாப் பள்ளத்தாக்கில் மாணவர்களோடு ஆய்வில் இருந்தபோது தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டது. பிறகு அவர் தாய்லாந்தைத் தன் களமாக்கிக்கொண்டார். கேம்பிரிட்ஜ், சிகாகோ, ஹார்வர்ட் என்று பேராசிரியராக உயர்ந்தார். தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 1992-இல் வந்த ‘புத்திசம் பிட்ரேய்ட்?’ இலங்கையில் தடை செய்யப்பட்டது.

மானுடவியலாளர் வேலன்டைன் டேனியலும் அந்த 1983-இல்தான் இலங்கைக்குப் போனார். மலையகத் தோட்டங்களில் பெண்கள் பாடும் பாட்டுகளைச் சேகரிப்பது திட்டம். போய் இறங்கியபோது ஜூலைக் கலவரத்தின் சாம்பல் ஆறவில்லை. பாட்டுக் கேட்கப் போனவரிடம் மக்கள் வேறு கதைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். 13 ஆண்டுகள் கழித்து அது வன்முறையைப் பற்றிய நூலாக வந்தது. அவர் பின்னாளில் போவாஸின் அதே கொலம்பியாத் துறையில் பேராசிரியரானார்.

இனி, இன்று ஒரு மாணவி அப்படிப்பட்ட துறையில் சேர்ந்தால் என்ன நடக்கும்? முதல் இரண்டாண்டு வகுப்புகள். வாரம் ஒரு நூல், சில வாரம் மூன்று. பிறகு தகுதித் தேர்வு, ஆய்வு முன்வரைவு, மக்களுக்குத் தீங்கு வராமல் இருக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், நிதி கேட்டு விண்ணப்பம். அதன் பிறகு களம், பெரும்பாலும் 12 முதல் 18 மாதம். பகலில் கேட்டதை இரவில் உட்கார்ந்து எழுதியாக வேண்டும், மறுநாள் எழுதினால் பாதி போய்விடும். திரும்பி வந்து எழுத இரண்டு மூன்றாண்டு. எல்லாம் சேர்த்து ஏழெட்டு ஆண்டு ஆவது சாதாரணம்.

களத்துக்குப் போவது எப்படி என்று நெடுநாள் யாரும் சொல்லித்தந்ததில்லை. இளைஞராக இருந்தபோது தான் அறிவுரை கேட்டுப் போனதை மானுடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் எழுதியிருக்கிறார். ஓர் ஆசிரியர் தினமும் கொயினா சாப்பிடு, பெண்களிடமிருந்து விலகி இரு என்றாராம். மலினோவ்ஸ்கி, முட்டாள்தனமாக நடந்துகொள்ளாதே என்பதோடு முடித்துக்கொண்டாராம். ஆண்களுக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். 1931-இல் கொலம்பியாவின் 22 வயது மாணவி ஒருவர் அரிசோனாவில் தனியாகக் களப்பணிக்குப் போய்க் கொலையுண்டார். துறையின் பெரியவர்கள் அவர் நடந்துகொண்ட விதத்தைத்தான் குறை சொன்னார்கள். தங்கள் பயிற்சியில் குறை இருந்ததா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது கேட்கிறார்கள். கொரோனா களத்தை மூடிய 2020-இல் மூன்று பெண் மானுடவியலாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். குழந்தை, வயதான பெற்றோர், நோய் என்று பொறுப்புள்ளவர்களால் ஒன்றரை ஆண்டு ஒரே மூச்சில் வீட்டை விட்டுப் போக முடியாது. விட்டுவிட்டுப் போய் வரும் களப்பணியையும் முறையாக ஏற்க வேண்டும் என்றது அது. டெலோரியா செய்தது கிட்டத்தட்ட அதுதான். அன்று அதற்கு மதிப்பெண் இல்லை. 2021 நவம்பரில் கொலம்பியாவில் ஏறத்தாழ 3,000 மாணவப் பணியாளர்கள் ஊதிய உயர்வு கேட்டுப் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்ததையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். படிப்பு முடியுமா என்பதைப் பல நேரம் வீட்டு வாடகைதான் தீர்மானிக்கிறது.

கொலம்பியாவின் மானுடவியல் துறையில் இன்று மோஹாக் பழங்குடியைச் சேர்ந்த ஆட்ரா சிம்சன் பேராசிரியர். தன் மக்களைப் பற்றி எழுதும்போது எவற்றை எழுதப்போவதில்லை என்பதையும் ஆய்வின் பகுதியாக அவர் வைக்கிறார். மக்கள் ஓரிடத்தில் பேச்சை நிறுத்தினால், அங்கேயே ஆய்வாளரும் நிறுத்த வேண்டும் என்கிறார். நாற்காலியில் இருப்பவர் இப்படிச் சொல்லும்போது மாணவர்கள் கேட்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். பட்டியல் சாதி மாணவர்களும் சீர்மரபினர், நாடோடிச் சமூகத்து மாணவர்களும் வெளிநாட்டில் முதுகலை, முனைவர் படிப்பு படிக்க ஒன்றிய அரசு தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை தருகிறது. ஆண்டுக்கு 125 இடம். 2022-இல் அதன் விதிகளில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைச் சார்ந்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. இவற்றைப் படிக்க உள்நாட்டிலேயே வசதி இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம்.

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1920-இலேயே மானுடவியல் வந்துவிட்டது. சென்னையிலும் துறை உண்டு. வசதி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாடோடிச் சமூகத்து வீட்டுப் பெண்ணோ, துப்புரவுத் தொழிலாளியின் மகனோ லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போய்த் தன் தெருவைப் பற்றி ஆய்வேடு எழுத நினைத்தால், இந்த வரி குறுக்கே நிற்கிறது. பிரேசிலைப் பற்றி எழுதலாம், நைஜீரியாவைப் பற்றி எழுதலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சொந்தப் பணத்தில் போய் அதே தெருவைப் பற்றி எழுதலாம், தடையில்லை. ஜெர்மானிய மாணவரும் அங்கே வந்து குறிப்பெடுக்கலாம். அந்தத் தெருவில் பிறந்தவருக்குத்தான் பணம் இல்லை. 1916 மே மாதம் கோல்டன்வைசரின் மேசையில் வாசிக்கப்பட்ட கட்டுரையின் தலைப்பை இந்த விதியின் கீழ் விண்ணப்பத்தில் எழுதினால், விண்ணப்பம் தள்ளுபடியாகும். அந்த வரியை எடுக்க வேண்டும்.